தெளிந்த நீரும் நல்ல நீரும்



கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகிறார்கள். தொட்டியை வாங்குகிறார்கள், மணலைப் பரப்புகிறார்கள், உப்பைக் கரைக்கிறார்கள். நீர் பளிங்குபோல் தெளிந்ததும் மீன்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். முதல் நாள் மீன்கள் துள்ளித் திரிகின்றன. சில நாட்கள் சென்றதும் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. செவுள்கள் விரைந்து அடித்துக்கொள்கின்றன. இரையை அவை நாடுவதில்லை. பிறகு ஒவ்வொன்றாக மடிகின்றன. நீரோ முதல் நாள் இருந்தது போலவே தெளிவாக இருக்கிறது. “நீர் இவ்வளவு சுத்தமாக இருக்க, மீன் ஏன் இறந்தது?” என்று வளர்த்தவர் திகைக்கிறார்.

தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு என்பதே அதற்கு விடை. தெளிவைக் கண் அறியும். நலத்தை அளந்துதான் அறிய வேண்டும். புதிய தொட்டியின் நீர் எவ்வாறு நலம் பெறுகிறது, அந்த முயற்சி இடையில் தடைப்பட்டால் தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பவற்றை இன்று பார்ப்போம்.

மீன் உண்ணும் உணவில் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. நம் உடல் தனக்கு வேண்டாத நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனோ பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. எல்லையற்ற கடலில் அது கலந்து மறைந்துபோகும். 100 லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது? உண்ணாமல் விட்ட இரை அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. நாளுக்கு நாள் சேரும் இந்த நஞ்சுக்கு நிறம் கிடையாது. அதனால் நீரின் தெளிவு சிறிதும் குறைவதில்லை.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, செவுளை எளிதில் ஊடுருவும் அம்மோனியா; இதுவே கொடியது. மற்றொன்று மின்னூட்டம் பெற்ற அம்மோனியம். இதன் தீங்கு குறைவு. எது எவ்வளவு இருக்கும் என்பதை நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. அந்த அளவு 7லிருந்து 8க்கு உயர்ந்தால் கொடிய வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கடல் நீரின் பி.எச். 8.1, 8.2 என்ற அளவில் இருக்கிறது. ஆகவே நன்னீர்த் தொட்டியில் மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும் அம்மோனியா, கடல் நீர்த் தொட்டியில் அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

இந்த நஞ்சை அகற்றுவோர் யார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் இருந்தார். ஒரு பாத்திரத்தில் மீன்களையும் நீர்ச்செடிகளையும் நத்தைகளையும் சேர்த்து வைத்தால் நீரை மாற்றாமலே அவை நெடுநாள் வாழ முடியும் என்று அவர் 1850-ஆம் ஆண்டில் அறிவித்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது. செடி தரும் பிராணவாயுவை மீன் ஏற்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது என்பது அவர் கண்ட சமநிலை. பின்னர் கடல் நீரிலும் அவர் இம்முயற்சியை நடத்தினார். ஆயினும் அவருடைய கணக்கில் ஒரு கூட்டத்தார் விடுபட்டுப் போயினர். அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.

அவர்கள் இருப்பதை 1877-இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மெய்ப்பித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் வரையில் நீரிலிருந்த அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமல்லவா? குழாயினுள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிவிட்டு, மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றினார்கள். சில நாட்களில் மாற்றம் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்தால் மயங்குவது உயிருள்ள பொருள்தானே! அம்மோனியாவை மாற்றுவது நுண்ணுயிர்களின் வேலை என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

அந்த மாற்றம் ஒரே படியில் நிகழ்வதன்று. அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது. இரு வேறு வகை உயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இதை ஆராய்ந்து காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மற்றோர் இராபர்ட் வாரிங்டன். முன்பு சொன்ன வாரிங்டனின் மகன் அவர்! தந்தையின் கணக்கில் விடுபட்டதை மகன் நிரப்பினார். இந்த உயிர்களைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிய பெருமை 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞருக்குக் கிடைத்தது.

ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடவில்லை. மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனமே அதைப் பெரிதும் செய்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. 2005-இல், பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்ற பழமையான உயிர்க்குலத்தைச் சேர்ந்த ஒன்று அம்மோனியாவை உண்டு வாழ்வது கண்டுபிடிக்கப்பட்டது. அது கிடைத்த இடம் எது தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்திலிருந்த ஒரு கடல் நீர்த் தொட்டி! அந்த இனம் உலகத்துக் கடல்கள் எங்கும் பெருந்தொகையாகப் பரவியிருக்கும் ஒரு குலத்தைச் சேர்ந்தது. கடலின் இரகசியம் ஒன்று கண்ணாடித் தொட்டியிலிருந்து வெளிப்பட்டது.

இனி நம் தொட்டிக்கு வருவோம். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் மிகச் சிலவே இருக்கும். அவை குடியேறிப் பெருகி, நாள்தோறும் உண்டாகும் அம்மோனியாவை அன்றன்றே மாற்றும் வலிமை பெற வேண்டும். இதையே தொட்டியைப் பக்குவப்படுத்துதல் என்கிறோம். சாதாரணமாக இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. இத்தனை நாள் ஏன்? பாலைத் தயிராக்கும் பாக்டீரியா ஓர் இரவிலேயே பெருகிவிடுகிறது. அம்மோனியாவை எரித்துப் பிழைக்கும் உயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். அவை ஒன்று இரண்டாவதற்கே பல மணி நேரம் ஆகும். சில வேளைகளில் ஒரு நாளைக்கு மேலும் ஆகும். அவசரப்படுத்துவதால் அவை விரைந்து பிறப்பதில்லை.

ஆனால் உறை குத்துவது போல இங்கும் ஒரு வழி உண்டு. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரில் காற்றைச் செலுத்திச் சுத்திகரிக்கும் சோதனை பற்றி அறிவித்தனர். முதல் முறை அம்மோனியா முழுவதும் மாறுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரங்கள் பிடித்தன. அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, புதிய சாக்கடை நீரை அதன்மேல் ஊற்றி மீண்டும் மீண்டும் நடத்தியபோது, அதே வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. உலகின் பல நகரங்களிலுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த உண்மையின்மீதே நிற்கின்றன. நாமும் நோயற்ற பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ, வடிகட்டியின் பஞ்சில் ஒரு துண்டோ பெற்று இட்டால் காத்திருக்கும் காலம் குறையும். பழைய தொட்டியின் நீரை மட்டும் கொண்டுவருவதால் பயன் மிகக் குறைவு. ஏனெனில் இந்த உயிர்கள் நீரில் மிதப்பதைவிட மணலிலும் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டியே வாழ்கின்றன.

தொடங்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் அது கடல் நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் முதலியனவும் சேர்ந்த கலவை வேண்டும். குழாய் நீரைப் பயன்படுத்துவதானால் அதிலுள்ள குளோரினை முதலில் நீக்க வேண்டும். நோய்க்கிருமியைக் கொல்லக் கலந்த குளோரின் நமக்கு வேண்டிய நுண்ணுயிரையும் கொல்லும். ஒளிப்படக் கலைஞர்கள் ‘ஹைப்போ’ என்று அழைக்கும் சோடியம் தயோசல்பேட் குளோரினைப் போக்கிவிடும். வெப்பநிலை 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கட்டும். நீர் இரவும் பகலும் வடிகட்டி வழியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, நுண்ணுயிர்களுக்கு உணவு வேண்டும். இதற்காக விலை மலிந்த, உறுதியான மீன்கள் சிலவற்றை முதலில் விட்டு, அவற்றின் கழிவால் தொட்டியைப் பக்குவப்படுத்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இன்றும் சிலர் அவ்வாறு செய்கிறார்கள். செவுள் வெந்து பல மீன்கள் மடியும், பிழைத்தவை பாக்கியசாலிகள்! ஓர் உயிரை வதைத்துச் செய்யும் இந்த வேலையை ஒரு சிட்டிகை நவச்சாரம் செய்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் அதே நவச்சாரந்தான். இரசாயனப் பெயர் அம்மோனியம் குளோரைடு. ஆனால் கடைத்தெருச் சரக்கு வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்குரிய தூய பொருளே தகும். 100 லிட்டர் நீரில் 0.6 கிராம் கரைத்தால் அம்மோனியாவின் அளவு லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆகும். அதுவே போதும். நஞ்சு தேவைப்படும் இடத்தில் நஞ்சை மட்டும் இடுவோம். மீனை ஏன் இட வேண்டும்?

இனி அளவீடு. சோதனைக் குப்பிகளில் நீரை எடுத்து, மருந்துத் துளிகளை விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏட்டில் குறித்து வாருங்கள். ஒழுங்காகச் செல்லும் தொட்டியில் முதலில் அம்மோனியா இறங்கும். அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கும், நைட்ரேட் ஏறும். ஒரு நாளின் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எண்களின் வரிசையே உண்மையைச் சொல்லும்.

இந்த வரிசை எங்கே தடைப்படும்? நான்கு சங்கடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மூன்று வாரங்கள் ஆகியும் அம்மோனியா இறங்கவில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘எதைச் சேர்ப்பது?’ என்பதன்று, ‘நுண்ணுயிருக்கு எது குறைகிறது?’ என்பதே. குளோரின் எஞ்சியிருந்ததா? உணவு அளவு மீறி, லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டிவிட்டதா? மீறினால் அம்மோனியாவே அந்த உயிர்களை ஒடுக்கிவிடும். நீரில் ஒரு பகுதியை மாற்றி அளவைக் குறைக்க வேண்டும். பிராணவாயு போதுமா? 1 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டாக மாற 4 கிராமுக்கு மேல் பிராணவாயு செலவாகிறது. கடல் நீரோ நன்னீரைவிடக் குறைவாகவே பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவு. இரவில் வடிகட்டியை நிறுத்துவோர் அந்த உயிர்களின் மூச்சை நிறுத்துகிறார்கள். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டாலும் இதே கதிதான். காரத்தன்மை குறைந்துவிட்டதா? அதே 1 கிராம் நைட்ரஜன் மாறும்போது ஏறத்தாழ 7 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை கரைந்துபோகிறது. பிரெஞ்சு அறிஞர்களின் குழாயில் சுண்ணாம்புக்கல் இருந்தது எவ்வளவு பொருத்தம் என்பது இப்போது விளங்கும். இறுதியாக, வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கசக்கிக் கழுவினீர்களா? அப்படியானால் குடியேறியவர்களை நீங்களே வெளியேற்றிவிட்டீர்கள்.

இரண்டாவது, அம்மோனியா இல்லாமற் போயிற்று. நைட்ரைட் மட்டும் உச்சத்திலேயே நிற்கிறது. இது பெரும்பாலும் நோயன்று, காலத்தின் தேவை. இரண்டாம் படியின் உயிர்கள் முதற் படியினரைவிடத் தாமதமாகவே பெருகுகின்றன. அம்மோனியா இடுவதைச் சில நாட்கள் நிறுத்திக் காத்திருந்தால் போதும். இந்த வேளையில் நைட்ரேட் சோதனை மிகப் பெரிய அளவைக் காட்டி நம்மை அச்சுறுத்தும். அதை நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியே நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. நைட்ரைட் மறைந்த பிறகு எடுக்கும் அளவே மெய்யான அளவு.

மூன்றாவது, அம்மோனியா முற்றிலும் மறையாமல், சோதனை நாள்தோறும் ஒரே சிறு அளவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே குற்றவாளி தொட்டியா, சோதனையா? புதிதாகக் கரைத்த உப்பு நீரை அதே மருந்தால் சோதித்துப் பாருங்கள். அதுவும் அதே நிறத்தைக் காட்டினால், கலந்த உப்பிலோ நீரிலோ மருந்திலோ அந்த நிறத்துக்குக் காரணம் இருக்கிறது, தொட்டியில் இல்லை. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையாகாது என்று ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் கூறுவதன் பொருள் இதுவே.

நான்காவது சங்கடம் விசித்திரமானது. மூன்று அளவுகளும் சுழியம்! வளர்ப்பவர் மகிழ்ந்து மீன் வாங்கப் புறப்படுகிறார். பொறுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மாறித் தீர்ந்திருந்தால் நைட்ரேட் எங்கே? உணவே இடாத தொட்டியிலும் மூன்றும் சுழியமாகத்தான் இருக்கும். வேலை முடிந்த தொட்டிக்கும் தொடங்காத தொட்டிக்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி நவச்சாரம் இடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே மறைந்துவிட்டால் தொட்டி பக்குவமடைந்துவிட்டது. மறையாவிட்டால் இன்னும் காத்திருங்கள்.

நீரின் அளவு குறைவதையும் கவனிக்க வேண்டும். ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. 100 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால் 35 கிராம் உப்பு லிட்டருக்கு 39 கிராமாக உயர்ந்துவிடும். குறைந்ததை உப்பு நீரால் நிரப்புவது தவறு. நன்னீரால் நிரப்ப வேண்டும். இடையில் நீர் பால்போல் கலங்கினாலும் கல்லின்மேல் பழுப்பு நிறப் பாசி படர்ந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அவை புதுத் தொட்டியில் வந்து போகும் விருந்தினர்.

பக்குவம் வந்தபின் நீரில் பெரும்பகுதியை மாற்றி, சேர்ந்துள்ள நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, முதல் மீனை விடலாம். ஒரு மீன் போதும். நுண்ணுயிர்க் கூட்டம் தனக்குக் கிடைக்கும் உணவுக்கு ஏற்றபடியே பெருகும். ஒரே நாளில் பத்து மீன்களை விட்டால் அது திணறும். சிறிது சிறிதாகச் சேர்ப்பதே அறிவுடைமை.

ஒரு வேண்டுகோள். கடலிலிருந்து பாறைத் துண்டுகளை எடுத்துவந்தால் நுண்ணுயிர்கள் அவற்றுடனேயே வந்துவிடும் என்று சிலர் உங்களுக்குக் கூறக்கூடும். கருத்து உண்மைதான். ஆனால் நம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அதற்குரியவை அல்ல. அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றை எடுப்பது குற்றம். ஒரு தொட்டியைச் சில வாரம் முன்னதாகத் தொடங்குவதற்காக, கட்டி எழப் பல்லாண்டு பிடித்த ஒரு பாறையை உடைப்பது எந்தக் கணக்கில் நியாயம்?

நண்பர்களே, கண்ணாடித் தொட்டி ஒரு சிறு பொருள். ஆனால் அதனுள் நிகழ்வது, வயலின் மண்ணிலும் இறால் பண்ணையிலும் நகரத்தின் கழிவுநீர் நிலையத்திலும் பெருங்கடலிலும் நிகழ்வதேயாகும். ஓர் ஆறோ ஏரியோ தெளிந்திருக்கிறது என்பதனாலேயே அது நலமாக இருக்கிறது என்று நாளை யாரேனும் உங்களிடம் கூறினால், “அளந்து பார்த்தீர்களா?” என்று கேட்கும் துணிவை இந்தத் தொட்டி உங்களுக்குத் தர வேண்டும். அளவுகள் கெட்டிருந்தால் கண்ட மருந்தையும் கொட்டாமல், எந்த உயிருக்கு எது குறைந்தது என்று தேடும் பொறுமையையும் அது தர வேண்டும். மீன் வருவதற்கு முன்னே வெறுமையாகத் தோன்றும் அந்த ஆறு வாரத் தொட்டி உண்மையில் வெறுமையாக இல்லை. நாம் காணாத கோடி உயிர்கள், நாம் காணப்போகும் ஓர் உயிருக்காக அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை கட்டி முடிக்கும் வரையில் காத்திருப்போம்.